வியாழக்கிழமை பஸ்

ஆவணி 2, திங்கள்

என் பெயர் மருதமுத்து. இதை எழுதுவது நானே.

மேலே இருக்கும் வரியை எழுதிவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. பேச்சு என்றால் இந்நேரம் காற்றோடு போயிருக்கும். எழுத்து போகாமல் நான் வரும்வரை உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுபது வயதுவரை பெருவிரலை மையில் தோய்த்தே காலம் தள்ளியவன் நான். இந்தச் சித்திரையில்தான் என் மருமகள் இளவரசி, பால் கறந்து முடித்த பிறகு தினமும் சாயங்காலம் உட்கார்த்தி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். என் மகன் கலைமணி சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். வீட்டில் நானும் மருமகளும் ஒரு மாடும்தான். வீட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம் நிற்கிறது.

இந்த நோட்டை வாங்கித் தந்தவளும் அவள்தான். "தெனமும் எழுதுங்க மாமா. ஒரு வரியா இருந்தாலும் எழுதுங்க" என்றாள்.

எழுத உட்கார்ந்தபோது அடுப்பில் உலை வைத்தாள். இப்போது சோறு வடித்துவிட்டாள். நான் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

ஆவணி 3, செவ்வாய்

சோப்பு உறை, தீப்பெட்டி, உர மூட்டை மூன்றையும் படித்தேன். உர மூட்டையில் போட்டிருக்கும் எடையும் கடைக்காரன் சொன்ன எடையும் ஒன்றுதான். இருந்தாலும் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

ஆவணி 5, வியாழன்

இன்றும் ஒன்பது மணி பஸ் இளவரசி இல்லாமல் போனது. போகும்வரை களத்தில் நின்று பார்த்தேன்.

பங்குனியிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் அந்த பஸ்ஸில் டவுனுக்குப் போவாள். மத்தியானம் திரும்புவாள். "ஆஸ்பத்திரிக்கு மாமா, சத்து மாத்திரை" என்பாள். பிள்ளை பெற்ற உடம்பு என்று நானும் விட்டுவிட்டேன். ஆடி மாதம் டீக்கடையில் பெரியண்ணன் ஒரு சேதி சொன்னான். பெரியண்ணன் என் வயதுக்காரன், ஒன்றாக மாடு மேய்த்தவன், போன வருஷம் சம்சாரத்தைப் பறிகொடுத்தவன்.

"ஏ மருதமுத்து, ஒம் மருமவ ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பொம்பளகிட்ட வாரா வாரம் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருக்கா. ஒரு வாரம் அழுதுகிட்டு வேற இருந்தா. என்னா சங்கதின்னு வெசாரி."

"நீ எங்கடா பாத்த?"

"சந்தைக்குப் போனேன். அப்பப் பாத்தேன்."

"டவுனு சந்தை சனிக்கெழமைல்ல?"

அவன் டீயை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். அவன்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது.

அன்றைக்கே இளவரசியிடம் சொல்லிவிட்டேன். "சத்து மாத்திரைய இங்கன மெடிக்கல்லயே வாங்கிக்கலாம் ஆயி. வாரா வாரம் பஸ் ஏறுனா ஊரு ஒரு தினுசாப் பேசும்."

"சரி மாமா" என்றாள்.  கீரைக்காரியிடம் ஒரு ரூபாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள் இவள். இவள் ஒரு பேச்சுக்கு உடனே சரி என்றால் அதில் என்னவோ இருக்கிறது.

ஆவணி 8, ஞாயிறு

கலைமணி போன் செய்தான். இளவரசி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். மாட்டுக்கு அப்போது ஒரு வேலையும் இல்லை.

மாசி மாதம் நடந்ததைப் பற்றி இந்த நோட்டில் எழுத மாட்டேன். பிள்ளை படுக்காத தொட்டில் பரண்மேல் இருக்கிறது. கலைமணி பத்து நாள் லீவில் வந்து, போட்டோவில் பார்க்கக்கூட ஒரு முகம் இல்லையே என்று அழுதுவிட்டுப் போனான். இளவரசி அழவில்லை. தைரியமான பெண் என்று ஊரே சொன்னது.

ஆவணி 10, செவ்வாய்

இன்று ஒருத்தி ஸ்கூட்டியில் வந்தாள். நான் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். இளவரசி வெங்காயக் காட்டில் இருந்தாள்.

"அய்யா, இளவரசி வீடு இதுதானே?"

"நீ யாரு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேங்கய்யா. எம் பேரு நஸீமா. கொஞ்ச நாளா அவங்க வரல, போனும் எடுக்கல. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஆஸ்பத்திரிக்காரங்க ஊடு தேடி வந்து நான் பாத்ததில்ல. நாங்க தேடி வந்தாலே நாளைக்கு வாங்குறீங்க."

அவள் கோபப்படவில்லை. "அது நெசந்தாங்கய்யா" என்று சிரித்தாள். கோபப்படாத ஆளை நான் நம்புவதில்லை. ஒரு அட்டையை நீட்டினாள். வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். நஸீமா பேகம், மனநல ஆலோசகர். கீழே போன் நம்பர்.

"நல்லாப் படிக்கிறீங்களே அய்யா! இளவரசி சொல்லிக்கொடுத்தது வீண் போகல."

 என் வீட்டுக்குள் சாயங்காலம் நடக்கும் பாடம் இவளுக்கு எப்படித் தெரியும்?

"அவ அவங்க அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

டீக்கடையில் அட்டையைக் காட்டினேன். மனசு நலமாக இருக்கிறவர்களுக்கு எதற்கு ஆலோசனை என்று கேட்டேன். பெரியண்ணன் அட்டையைத் தொடவே இல்லை. "எல்லாம் மில்லுக்கு ஆள் புடிக்கிறவளுவ. பொம்பளப் புள்ளைவள நைசாப் பேசி திருப்பூருக்கு ஏத்திவுட்டுடுவாளுவ" என்று கடைக்காரர் சொன்னார். இருக்கும். எப்போதும் முந்திக்கொண்டு பேசும் பெரியண்ணன் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அட்டையைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. என் கையில் ஒருவர் கொடுத்து நான் படித்த முதல் அட்டை. காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன். அவள் வந்ததை இளவரசியிடம் சொல்லவில்லை.

ஆவணி 12, வியாழன்

வெங்காயம் பிடுங்க ஆரம்பித்தாயிற்று. விளைச்சல் மோசமில்லை. வெங்காயத்தைச் சேர்த்து வைக்கப் பட்டறை போடும் இடத்தில் படுதா விரித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயத் தாளை அரிகிறார்கள். காரம் தெருமுனை வரைக்கும் வருகிறது. எல்லார் கண்ணிலும் தண்ணீர், எல்லார் வாயிலும் சிரிப்பு. "மாமியாளுக்கு அழுவாத கண்ணு வெங்காயத்துக்கு அழுவுது பாரு" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இளவரசி ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காற்று அவள் பக்கமிருந்து இந்தப் பக்கம் வீசியது. காரம் அவளுக்குப் போக வழியில்லை. கண் மட்டும் எல்லாரையும் விடச் சிவந்திருந்தது.

"என்ன ஆயி, கண்ணு இப்புடி இருக்கு?"

"வெங்காயம் மாமா."

அரிவாள்மனையில் ஒரே வெங்காயத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

டீக்கடையில் பெரியண்ணன் இல்லை. வியாழக்கிழமைகளில் அவன் வருவதில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

ஆவணி 15, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

காலையில் எழுந்தால் கிணற்றடியில் புளிவாசம். இளவரசி தன் சீர்ப் பாத்திரங்களையெல்லாம் இறக்கி வைத்துப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம். கல்யாணத்தில் வந்தவை. வெயிலில் தங்கம் மாதிரி மின்னின. பத்து மணிக்கு அவள் தங்கை ஒரு ஆட்டோவில் வந்தாள். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஏற்றிவிட்டாள்.

"ஊட்டுல சும்மாத்தான கெடக்கு மாமா. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுறாங்க, அவளுக்காவது ஒதவும்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் புருஷன் வீட்டைத் தீர்த்துக்கொண்டு போகிறாள் என்றால் முதலில் சீர்ப் பாத்திரம் போகும். பேச்சுவார்த்தை அதற்குப் பிறகுதான் வரும். எத்தனை பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! "பாத்திரம் போயிருச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. போய்விட்டது என்றால் பெரியவர்கள் துண்டை உதறி எழுந்துவிடுவார்கள்.

இப்போது எல்லாம் புரிகிறது. வியாழக்கிழமை பஸ், ஆஸ்பத்திரி வாசலில் குசுகுசு, ஸ்கூட்டிக்காரி, சீர்ப் பாத்திரம். என் மருமகள் போகப் போகிறாள்.

ஆவணி 16, திங்கள்

கலைமணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரே மகன்.

அவன் உடனே அவளைக் கூப்பிட்டான். போனில் அவன் கத்தியது வாசல்வரை கேட்டது. "யாரக் கேட்டு அனுப்புன? என்ன நெனச்சிக்கிட்டிருக்க?" அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் நெனைக்கலங்க" என்று மட்டும் சொன்னாள்.

செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஆவணி 18, புதன்

இளவரசி சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை. கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாள்.

சமையல்கட்டுச் சுவரில் கரியால் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். கலைமணி நம்பர், கேஸ்காரர் நம்பர், மாட்டு டாக்டர் நம்பர். ஒன்று விடாமல் நான் படித்துவிட்டேன்! கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். தான் போன பிறகு கிழவன் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கிறாள். அந்த மட்டுக்கும் நல்ல பெண்தான்.

வெங்காயத்துக்கு அடித்த பூச்சி மருந்தில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. கொட்டகையில் தேடினேன். காணோம். கூலிக்கு வந்தவர்கள் யாரோ எடுத்திருக்க வேண்டும். இனிமேல் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட வேண்டியதுதான்.

ஆவணி 19, வியாழன்

ஸ்கூட்டிக்காரி மறுபடியும் வந்தாள். நான் பாதையிலேயே மறித்துவிட்டேன்.

"அம்மா ஊருலேர்ந்து வந்துட்டாங்களா அய்யா?"

"இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டாள். எனக்கும் அது தெரிந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"சரிங்கய்யா. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவங்க தூங்குறாங்களா? சாப்புடுறாங்களா?"

"ஏன், மில்லுல சாப்பாடு போடுறதுக்குக் கணக்கா?"

"எந்த மில்லுங்கய்யா?"

 அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினாள். "மனசு ஒடிஞ்சு போறதும் ஒரு வியாதிதாங்கய்யா, காய்ச்சல் மாதிரி. அதுக்கு டாக்டர் இருக்காரு, வியாழக்கெழமைதான் வருவாரு. பாதியில நிறுத்துனா மறுபடி வந்துரும். அவங்களத் தனியா விடாதீங்க." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். "உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாராச்சும் மருந்து குடிச்சு...?"

"அதெல்லாம் கெடையாது. என் தங்கச்சி ஒருத்தி சின்ன வயசுல போனா. வயித்து வலி."

அவள் தலையை ஆட்டினாள். அதை எத்தனையோ வீட்டில் கேட்டவள் போல இருந்தது அந்த ஆட்டல். "அந்த அட்டை வச்சிருக்கீங்கல்ல? எப்ப வேணா கூப்புடுங்க. ஞாயித்துக்கெழமையா இருந்தாலும் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆள் பிடிக்கிறவள், ஆளைத் தனியாக விடாதே என்று ஏன் சொல்ல வேண்டும்? இதில் என்ன சூது என்று பிடிபடவில்லை.

ஆவணி 21, சனி

இன்று இளவரசி சிரித்தாள்.

தலைக்குக் குளித்து, பூ வைத்து, வீடு முழுவதும் கழுவி விட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மாசிக்குப் பிறகு இப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ பேசினாள். எனக்குப் புதுப் பேனா ஒன்று கொடுத்தாள்.

"இனிமே நான் பக்கத்துல இல்லன்னாலும் நீங்களே எழுதிக்குவீங்க மாமா. எல்லா எழுத்தும் வந்துருச்சு."

"கணக்கு இன்னும் வரலியே ஆயி."

"அது தானா வந்துரும்."

பேனா நன்றாக எழுதுகிறது. இந்தப் பக்கம் அதில்தான் எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் போக முடிவு செய்துவிட்டவள் முகத்தில்தான் இப்படி நிம்மதி வரும். நாளை போகிறாள் என்றே நினைக்கிறேன். போகும்போது கையும் பெட்டியுமாகப் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

ஆவணி 22, ஞாயிறு

இதை நிதானமாக எழுதுகிறேன். 

காலையில் இளவரசி மிச்ச வெங்காயத்துக்குத் தாள் அரியப் பட்டறைக்குப் போனாள். ஞாயிறு என்பதால் கூலிக்கு ஆள் இல்லை. அவள் மட்டும் இருந்தாள். நான் பெட்டியைத் தேட ஆரம்பித்தேன். பரண்மேல் பார்த்தேன், தொட்டில்தான் இருந்தது. கட்டிலடியில் பார்த்தேன். பீரோவில் அவள் புடவை எல்லாம் மடித்தபடி இருந்தது. போகிறவள் ஒரு புடவைகூடவா எடுத்து வைக்க மாட்டாள்? கடைசியாக அரிசி டிரம்முக்குள் கை விட்டேன். துணி சுற்றிய ஒன்று தட்டுப்பட்டது. நகை, பணம் என்று நினைத்தேன்.

காணாமல் போன பூச்சி மருந்து.

அதன்மேல் இருந்ததைப் படித்தேன். சிவப்பு முக்கோணத்தை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வெறும் சிவப்பு. இன்று பக்கத்தில் இருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. விஷம். எழுத்தே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

என் தங்கை அஞ்சலைக்கு வயிற்று வலி என்று ஊருக்குச் சொன்னது நாங்கள்தான். அதற்கு முதல் நாள் அவள் வீடு முழுவதும் மெழுகினாள். எனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வாசல்வரை வந்து சிரித்தாள்.

இளவரசியும் நேற்றுச் சிரித்தாள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஓடினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடினேன். அவள் படுதாவில் உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

"பொட்டி எங்க ஆயி?"

"என்ன பொட்டி மாமா?"

"நீ போறதுக்குக் கட்டி வச்சிருக்கிற பொட்டி."

"நான் எங்க மாமா போறேன்?"

பாட்டிலை அவளுக்கு எதிரில் வைத்தேன். "அப்ப இது எங்க போவுது?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.   மாசியில் அழாத அழுகை எல்லாம் வந்தது.

"தூங்கவே முடியல மாமா. கண்ண மூடுனா தொட்டில் ஆடுற மாதிரி இருக்கு. மாத்திரை சாப்புட்டப்ப கொஞ்சம் நல்லா இருந்துச்சு. இப்ப எல்லாருக்கும் நான் பாரமா இருக்கேன்."

"யாரு சொன்னா பாரம்னு?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியுது."

"ஒனக்குத் தெரியல. ஒடம்பு சரியில்லாதப்போ நாக்குக்குச் சோறு கசக்கும், சோத்து மேல தப்பா? அது மாதிரிதான் இது."

இதை நான் எங்கிருந்து சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நஸீமா காய்ச்சல் என்று சொன்னதுதான் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"சாவணும்னு நெனச்சியா ஆயி?" நேராகவே கேட்டேன். கேட்டால் நடந்துவிடும் என்று பயந்து அஞ்சலையிடம் யாரும் கேட்கவில்லை.

தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

பாட்டிலைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து காலண்டருக்குப் பின்னால் இருந்த அட்டையை எடுத்தேன். ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தினேன். முதல் தடவை வேறு யாரோ எடுத்தார்கள். இரண்டாம் தடவை சரியாக வந்தது.

"அம்மா, நான் மருதமுத்து. இளவரசிக்கு மாமனாரு. அவ அம்மா ஊருக்குப் போவல. இங்கனதான் இருக்கா. வாங்க."

"இதோ வர்றேங்கய்யா. நான் வர்ற வரைக்கும் கைய விடாதீங்க" என்றாள். எப்படித் தெரிந்ததோ.

வரும்வரை நாங்கள் மறுபடி பட்டறையில் போய் உட்கார்ந்து வெங்காயம் அரிந்தோம். சும்மா உட்கார இரண்டு பேராலும் முடியவில்லை. நஸீமா வந்து பார்த்தபோது எங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆவணி 23, திங்கள்

நஸீமா நேற்றே டாக்டரிடம் போனில் பேசினாள். அவள் ஏற்பாட்டில் இன்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். டாக்டர் இளவரசியிடம் தனியாக வெகுநேரம் பேசினார். மாத்திரை என் கையில்தான் இருக்க வேண்டும், வேளைக்கு நான்தான் தர வேண்டும், வியாழக்கிழமை டவுன் ஆஸ்பத்திரியில் மறுபடி காட்ட வேண்டும் என்றார்.

வராந்தாவில் நஸீமாவிடம் கேட்டேன். "எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

சொல்லலாமா என்று அவள் இளவரசியைக் கண்ணால் கேட்டாள். இளவரசி சரி என்று தலையசைத்தாள்.

"மனசு வரலன்னாலும் தெனமும் ஒரு சின்ன வேலைய விடாம செய்யணும்னு பங்குனியில சொன்னேங்கய்யா. சிலபேரு செடி வைப்பாங்க, சிலபேரு கோலம் போடுவாங்க. இவங்க, மாமாவுக்கு எழுத்துச் சொல்லித்தர்றேன்னாங்க."

ஆடியில் நான் அவள் பஸ்ஸை நிறுத்தினேன். அதற்குப் பிறகும் அவள் என் பாடத்தை நிறுத்தவில்லை. இந்த ஒரு வரியை எழுத இன்று வெகுநேரம் ஆயிற்று.

கலைமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. போனிலேயே அழுதான். தானும் தூங்குவதில்லை என்றான். அவளிடம் போனைக் கொடுத்தேன். இன்று அவள் கொட்டகைக்குப் போகவில்லை.

ஆவணி 24, செவ்வாய்

வீட்டில் இருந்த பூச்சி மருந்து எல்லாவற்றையும் சாக்கில் போட்டுப் பெரியண்ணனின் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். "பூட்டி வச்சு சாவிய நீயே வச்சிக்க" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. "அது ஊட்டுல இருக்கக் கூடாதுதான்" என்றான். எதையும் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவன். சந்தேகமாக இருக்கிறது.

ஆவணி 26, வியாழன்

ஒன்பது மணி பஸ்ஸில் நானும் இளவரசியும் போனோம். ஜன்னலோரத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன், கடைப் பலகைகளைப் படிப்பதற்காக. வேண்டுமென்றே அவளைக் கேட்டு நச்சரித்தேன். "இது என்னா ஆயி, ஜவுளியா?" "ஆமா மாமா." "இது?" "நீங்களே படிங்க." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி அறைக்குமேல் ஒரு நீலப் பலகை இருந்தது. அதற்குக் கீழே பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஆட்கள் எல்லாம் தள்ளி, பல் டாக்டர் அறைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள். முந்தானையால் முகத்தை மறைத்தபடி சிலர், சுவரைப் பார்த்தபடி சிலர். பல் வலிக்காரர்கள் என்று நினைத்தேன். நான் பலகைக்கு நேராக நின்று, புதுப் பலகையைக் கண்டால் எப்போதும் செய்வது போல உரக்கக் கூட்டிப் படித்தேன்.

"ம - ன - ந - ல - ப் - பி - ரி - வு. மனநலப் பிரிவு! சரியா ஆயி?"

எல்லாத் தலையும் திரும்பியது. தலையில் துண்டு போட்டிருந்த ஒருவன் மட்டும் இன்னும் நன்றாகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தத் துண்டு எனக்குத் தெரியும். ஒன்றாகத்தான் திருவிழாவில் வாங்கினோம்.

"பெரியண்ணா!"

"சத்தம் போடாதய்யா, மானம் போவுது."

"ஏன், தப்பாப் படிச்சிட்டேனா?"

"சரியாத்தான் படிச்ச. மெதுவாப் படிக்கக் கூடாதா?"

"இதுதான் ஒன்னோட வியாழக்கெழம சந்தையா?"

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவ போனதுலேர்ந்து தூக்கம் இல்ல மருதமுத்து. மோட்டார் கொட்டகையில மருந்து வாசன வந்தா என்னமோ மாதிரி ஆவும். இங்க வந்த பெறவு பரவால்ல." செவ்வாய்க்கிழமை கொடுத்த சாவியை அங்கேயே திருப்பி வாங்கி மடியில் முடிந்துகொண்டேன். அவன் இளவரசியைப் பார்த்தான். "ஆயி, ஒன்னப் பத்தி இவங்கிட்ட சொன்னது நாந்தான். என்னயப் பாத்தேன்னு நீ சொல்லிடுவியோன்னு பயந்து முந்திக்கிட்டேன். பெரிய தப்பு."

 இளவரசி காலிப் பெஞ்சில் போய் நீலப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். நகர்ந்து, பெரியண்ணனுக்கு இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் பக்கமிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

நஸீமா வெளியே வந்து பெஞ்சைப் பார்த்துவிட்டு நின்றாள். நாங்கள் கிளம்பும்போது என்னிடம் கேட்டாள். "பஸ்ஸுக்கு வர முடியாதவங்க உங்க ஊருல இன்னும் இருக்காங்கய்யா. நானே வரலாம்தான். ஆனா ஒரு வீட்டுக்குப் போனா ஊரே அந்த வீட்டப் பாக்குது. பொதுவா ஒரு எடம் இருக்கா?"

"எங்க பட்டறைக்கு வாங்க. வெங்காயம் அரியிற எடத்துல யாரு எதுக்கு அழுவுறான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். இளவரசியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கூர்ந்து பார்த்தேன். சனிக்கிழமைச் சிரிப்பு மாதிரி இல்லை. இதில் களைப்பு இருந்தது. ஆனால் நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன்.

சாயங்காலம் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா எழுதுறீங்க?"

"ஒன்மேல சந்தேகப்பட்டு எழுதுறேன்."

"இன்னுமா தீரல?"

"தீராது. சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தேன். சாப்பிட்டிருந்தாள்.